ஐப்பசியில் முட்டை குறைந்தால் பல்பு வாங்குவதற்கு முன்: பொடக்காலியில் (வீட்டுப் பின்புறத்தில்) கோழி வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு

ஆவணி வரைக்கும் ஆறு கோழிக்கு தினம் நாலு முட்டை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை பிடித்ததும் அது இரண்டாகும், அப்புறம் ஒன்றாகும், கார்த்திகை தீபத்துக்குள் கூட்டுக்குள் கையை விட்டால் வைக்கோல் மட்டும்தான் தட்டுப்படும். கோழி நன்றாகத்தான் மேய்கிறது, தீனியும் குறைக்கவில்லை, பிறகு என்ன ஆச்சு என்று இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்ல முட்டை கொடுக்கலாம் என்று ஐந்தாறு கோழி வாங்கி விட்டவர்கள்தான் அதிகம். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "பகல் குறையுதுங்களாமே, கூட்டுக்குள்ள பல்பு போட்டா சரியாயிருமுங்களா?"

சிலருக்குச் சரியாகும். ஆனால் பல்பு கடைசி வேலை. நம்ம ஊரில் முட்டை குறைவதற்கு வெளிச்சம் ஒரு காரணம்தான், அதுவும் சூரியன் குறைக்கிற வெளிச்சத்தைவிட நாம் குறைக்கிற வெளிச்சம் அதிகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எந்த வரிசையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று போகலாம்.

பகல் உண்மையில் எவ்வளவு குறைகிறது

முட்டைக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு இருப்பது நிஜம். கோழிக்குக் கண் மட்டும் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகிற வெளிச்சத்தை மூளையே நேராக உணர்கிறது. பகல் நீண்டிருந்தால் அங்கிருந்து சுரக்கிற ஹார்மோன்கள் சினைப்பையைத் தூண்டி மஞ்சள் கருவை ஒன்றன்பின் ஒன்றாக வளர வைக்கும், பகல் சுருங்கினால் அந்தத் தூண்டுதல் தளர்ந்துவிடும். நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிக்கு விளக்குப் போட்டு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை வெளிச்சம் கொடுப்பது இதனால்தான்.

ஆனால் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை, கோழி நிறுத்தாமல் என்ன செய்யும்! நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு வடக்கே 11 டிகிரியில். கோயமுத்தூரில் ஜூனில் பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம், டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மழைக்காலம், சாயங்காலமே மூட்டமாக இருக்கிறது, கீரி வரும் என்று ஐந்தரைக்கே கோழியைப் பிடித்து அடைத்துவிடுகிறீர்கள். காலையில் குளிர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும், கூட்டைத் திறக்கும்போது எட்டு. கூடும் நாலு பக்கமும் தகரமோ பலகையோ அடித்த இருட்டுக் கூடு. அந்தக் கோழிக்குக் கிடைத்தது ஒன்பதரை மணி நேரப் பகல். சூரியன் கழித்தது ஒன்றேகால் மணி, அதற்கு மேல் இரண்டு மணி நேரத்தை நாம் கழித்துவிட்டோம். செலவில்லாமல் இன்றைக்கே திருத்தக்கூடியது இதுதான். விடியும்போது திறந்துவிடுங்கள். ஆறரைக்கு எழுந்து போக முடியாதவர்கள் கூட்டின் கிழக்குப் பக்கத்துத் தகரத்தைக் கழற்றிவிட்டு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள், கதவு மூடியிருந்தாலும் கோழிக்கு விடிந்துவிடும். கோழிவலை என்று விற்கிற அந்த அறுகோண வலையைக் கீரியும் நாயும் பிய்த்துவிடும், அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள்.

முதலில், முட்டை குறைந்ததா, காணாமல் போனதா?

நான் கோழி வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருஷம் ஐப்பசியில் முட்டை சுத்தமாக நின்றுபோனது. கடையில் சொன்னார்கள் என்று ஒரு டானிக் வாங்கி இரண்டு வாரம் தண்ணீரில் கலந்து கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மாட்டுக்குச் சோளத்தட்டு எடுக்கப் போர்மேல் ஏறினால், தட்டுக்கு நடுவே பொந்து மாதிரி ஓர் இடம், உள்ளே 19 முட்டை. ஐந்தாறு முட்டை மழைத்தண்ணீர் இறங்கிக் கெட்டுப் போயிருந்தது. கோழி ஒரு நாளும் நிறுத்தவில்லை, கூட்டில் நான் வைத்திருந்த முட்டைப்பெட்டி ஒழுகி நனைந்திருந்ததால் அது வேறு இடம் தேடிக்கொண்டது, அவ்வளவுதான்.

அதனால் மழைக்காலத்தில் முட்டை குறைந்தால் முதலில் இடத்தைச் சந்தேகப்படுங்கள். தட்டுப்போர், தென்னமட்டைக் குவியல், செங்கல் அடுக்கு, மோட்டார் ரூம் மூலை, வண்டிக்கு அடியில் கிடக்கிற சாக்கு. நடுப்பகலில் ஏதாவது ஒரு கோழி மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாக, கேறிக்கொண்டே, நீங்கள் பார்க்கிறீர்களா என்று நின்று நின்று போகும், அதைத் தொந்தரவு செய்யாமல் தூரத்திலிருந்து கவனியுங்கள். முட்டை இட்டு முடித்தபின் கொக்கரிக்கிற இடத்தை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், பல கோழிகள் இட்ட இடத்தைவிட்டு நகர்ந்து வந்துதான் சத்தம் போடும்.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, இந்தத் தேடல் எல்லாம் தேவைப்படாது. விடியக் காலையில் கொடாப்பை, அதாவது கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற கூடையை, தூக்குவதற்கு முன்பே ஒவ்வொரு கோழியாக எடுப்பார். கோழியின் தலை அவர் முதுகுப் பக்கம் போகிற மாதிரி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கைச் சுண்டுவிரலால் பின்வாயில் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார், கோழி ஒரு சத்தமும் போடாது. உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால், "இது இன்னிக்கு இடுங்கண்ணு, இத உடாத" என்று சொல்லி அதை மட்டும் மறுபடி கொடாப்புக்குள் விட்டு, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிடுவார். பத்து, பத்தரைக்குள் முட்டை இருக்கும். இது மந்திரமல்ல. முட்டை ஓடு கட்டுவதற்கு மட்டும் 20 மணி நேரம் ஆகிறது, பெரும்பாலும் ராத்திரி முழுக்கக் கட்டி, காலையில் இடத் தயாராக வந்து நிற்கும், விரலுக்கு எட்டும். கற்றுக்கொள்ள வேண்டுமானால் நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, விரலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், தட்டுப்படும் முட்டையை அழுத்திவிடாதீர்கள், உள்ளே உடைந்தால் கோழியே போய்விடும்.

அது பழகவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது எளிய வழி. மூன்று நாள் எல்லாக் கோழிகளையும் காலை பத்தரை, பதினொன்று வரை கூட்டிலேயே வைத்திருங்கள், உள்ளே வெளிச்சமும் தண்ணீரும் தீனியும் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் கிடைக்கிற முட்டைதான் உண்மைக் கணக்கு. அதைத் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதி வையுங்கள். முட்டைப்பெட்டி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இருட்டாக, நனையாமல், ஓர் அடிக்கு ஓர் அடி இருந்தால் போதும், நாலு கோழிக்கு ஒரு பெட்டி. பழக்குவதற்கு வெள்ளையாக ஒரு கூழாங்கல்லோ பிளாஸ்டிக் முட்டையோ உள்ளே வையுங்கள். சாரைப்பாம்பு வருகிற இடம் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை முட்டை எடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு கோழியாகக் கையில் எடுத்துப் பாருங்கள்

உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று தெரிந்தபின் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போங்கள். அந்த நேரம் கோழி அடங்கியிருக்கும், பிடிக்க ஓட வேண்டியதில்லை.

பின்வாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் கூர்மையாக இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். அதற்கு நடுவில் இரண்டு விரல், மூன்று விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அந்தக் கோழி முட்டையில் இருக்கிறது. ஒரு விரல்தான் போகிறது என்றால் நின்றுவிட்டது. பின்வாய் அகலமாக ஈரமாக இருந்தால் இடுகிற கோழி, சுருங்கி வறண்டு மஞ்சளாக இருந்தால் இடாத கோழி. கொண்டையும் சொல்லும், இடுகிறபோது சிவந்து மெழுகு பூசின மாதிரி இருக்கும், நின்றதும் சுருங்கி வெளிறும். ஆறு கோழியையும் பார்த்துவிட்டால் எத்தனை கோழி நிறுத்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இனி ஒவ்வொன்றும் ஏன் நிறுத்தியது என்று பார்க்க வேண்டும்.

இறகு கொட்டுகிற கோழி

வயது ஒன்றரை வருஷம் தாண்டிய கோழி என்றால் பெரும்பாலும் இதுதான். பகல் சுருங்குகிற சமயத்தில்தான் கோழி பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும். தலை, கழுத்தில் தொடங்கும், அப்புறம் நெஞ்சு, முதுகு, கடைசியாகச் சிறகும் வாலும். வாசலைக் கூட்டினால் தினமும் ஒரு முறம் இறகு வருகிறது, கோழி பார்ப்பதற்குச் சீக்குக் கோழி மாதிரி இருக்கிறது, கிட்டப் போனால் ஒதுங்குகிறது என்பார்கள். கழுத்து இறகை விலக்கிப் பாருங்கள், தோலில் ஊசி ஊசியாக, மெழுகுத்தாள் சுற்றினது போல நீலம் கலந்த வெள்ளைக் குச்சிகள் முளைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது புது இறகு. அந்தக் குச்சிக்குள் ரத்த ஓட்டம் இருக்கும், அழுத்தினால் வலிக்கும், அதனால்தான் ஒதுங்குகிறது. பிள்ளைகளைத் தூக்க விடாதீர்கள்.

இறகு ஏறக்குறைய முழுக்கப் புரதம். தின்கிறதையெல்லாம் இறகுக்குக் கொடுக்கிற கோழியால் முட்டைக்கும் கொடுக்க முடியாது. இரண்டிலிருந்து மூன்று மாதம் இப்படிப் போகும். இந்தச் சமயத்தில் பல்பு போட்டு முட்டையைப் பிடுங்க நினைப்பது தப்பு, நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். அது ஓய்வெடுக்கட்டும், நீங்கள் தீனியைக் கவனியுங்கள்.

மாசி, பங்குனியில் பொரித்த குஞ்சு அந்த வருஷ ஐப்பசியில் விடலைக் கோழியாக இருக்கும். முதல் வருஷம் அது முழு இறகும் கொட்டாது, மழைக்காலத்திலும் இடும். கோழி வளர்க்கிறவர்கள் வருஷா வருஷம் மாசியில் ஒரு அடை வைத்து இரண்டு மூன்று விடலைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தால் கார்த்திகையிலும் வீட்டுக்கு முட்டை இருக்கும். பல்பை விட இது நல்ல ஏற்பாடு.

அடைக்கு உட்கார்ந்த கோழி

நாட்டுக்கோழி, அதிலும் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு வகை வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது பண்ணைக்கோழி மாதிரி வருஷம் முழுக்க இடாது, 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். வருஷத்துக்கு 60லிருந்து 80 முட்டை இட்டால் அது நல்ல நாட்டுக்கோழி. அதைப் பண்ணைக்கோழியின் 300 முட்டையோடு ஒப்பிட்டு நம் கோழியைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

அடைக்கோழியை அடையாளம் காண்பது சுலபம். பெட்டியை விட்டு எழாது, கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமும், ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கிப் பெரிசாக எச்சம் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிப்போய் உட்காரும், நெஞ்சில் இறகு பிடுங்கித் தோல் தெரியும். குஞ்சு வேண்டுமென்றால் அவயத்துக்கு, அதாவது முட்டைகளை அடைகாக்க, வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரிக்கிற குஞ்சுகளைக் காப்பாற்றுவது சிரமம், ஈரமும் குளிரும் சேர்ந்து வாரி எடுத்துவிடும், புதியவர்கள் இந்த இரண்டு மாதமும் வைக்காமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். வைத்தே ஆக வேண்டுமென்றால் பத்து நாளுக்கு மேற்படாத முட்டையாகப் பத்து வைத்து, ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, ரத்த நரம்பு தெரியாத முட்டையை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் பொரிக்கும். இடி இடித்தால் முட்டை கெடும் என்று பெரியவர்கள் கூடையில் கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கூடை நனையாமல் இருப்பதுதான் முட்டையைக் காப்பாற்றும்.

குஞ்சு வேண்டாம், அடை தெளிய வேண்டும் என்றால் ஒரு கம்பிக் கூண்டை நாலு செங்கல்மேல் தூக்கி வைத்து, அடியிலிருந்து காற்று வருகிற மாதிரி, வெளிச்சமான இடத்தில், வைக்கோல் எதுவும் போடாமல் அதில் கோழியை மூன்று நாலு நாள் விடுங்கள். தீனி, தண்ணீர் வழக்கம்போல. வயிற்றின் சூடு ஆறினால் அடை தெளிந்துவிடும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி இடும். மூக்கில் இறகைக் குத்தி விடுவது, பச்சைத்தண்ணீரில் முக்குவது எல்லாம் இன்னும் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஐப்பசிக் குளிரில் நனைத்த கோழிக்குச் சளி பிடிக்கும், மூக்கில் இறகு குத்திய கோழி தின்னாமல் குன்றிப்போகும், அது ஒரு உயிர், அதற்கும் வலிக்கும்.

தீனி: மழைக்காலத்தில் தானாகவே குறைந்துவிடுகிறது

நாம் போடுகிற தீனி குறையவில்லை, சரி. கோழி தானாகத் தேடித் தின்கிறது குறைந்திருக்கும். விடாமல் மழை பெய்கிற நாளில் கோழி திண்ணைக்கு அடியில் நின்றுகொண்டிருக்கும், அன்றைக்குப் புழு, பூச்சி, கரையான், புல்விதை ஒன்றும் கிடைக்காது. வெயில்காலத்தில் ரேஷன் அரிசியும் பழைய சோறும் போட்டாலே முட்டை வந்ததற்குக் காரணம் மீதிப் புரதத்தைக் கோழியே தேடிக்கொண்டதுதான். மழையில் அரிசி மட்டும் கொடுத்தால் கொழுப்பு வைக்கும், முட்டை வைக்காது.

இடுகிற கோழிக்கு ஒரு நாளைக்கு 100லிருந்து 120 கிராம் தீனி வேண்டும், நன்றாக மேய்கிற சிறுவிடைக்கு அதில் பாதி போட்டாலும் போதும். கடையில் லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழித் தீவனம், வாங்கலாம். வீட்டில் கலப்பதென்றால் 10 கிலோவுக்கு நான் கலக்கிற கணக்கு இது: உடைத்த மக்காச்சோளமும் கம்பும் சேர்த்து ஐந்தரை கிலோ, கடலைப்புண்ணாக்கு ஒன்றரை கிலோ, உப்புப் போடாத கருவாட்டுத்தூள் 800 கிராம், அரிசித்தவிடு 2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம். ஏறத்தாழ 18 சதவீதம் புரதம் வரும், இறகு கொட்டுகிற கோழிக்கும் இதுவே பொருந்தும். உப்புக் கருவாட்டை அரைத்துப் போட்டுவிடாதீர்கள், உப்பு அதிகமானால் கழிச்சல் எடுத்துச் செத்துப்போகும். அசோலா என்கிற தண்ணீரில் மிதந்து வளரும் பசுந்தீவனம், முருங்கைக்கீரை எல்லாம் நல்லது, ஆனால் அவை பக்கத்துணை, பெரும்பாலும் தண்ணீர்தான், அதையே தீனி என்று நினைத்துவிட வேண்டாம்.

கடலைப்புண்ணாக்கில் ஒரு விஷயம். மழைக்காலத்தில் சாக்கோடு தரையில் வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், பச்சையாகவோ சாம்பலாகவோ பொடி படிந்து, முகர்ந்தால் மக்கின வாசனை வரும். அந்தப் பூஞ்சை நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும், முட்டையும் நின்றுபோகும். கழுவியோ காயவைத்தோ நஞ்சு போகாது, மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மக்காச்சோளத்துக்கும் இதேதான். பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, மூடி போட்ட டிரம்மில் போட்டு, பலகைமேல் வையுங்கள்.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து தனி. ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் கோழி உடம்பிலிருந்து போகிறது. கிளிஞ்சல் தூளைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படுகிற கோழி தானே வந்து எடுத்துக்கொள்ளும், அதிலும் சாயங்காலத்தில் பார்த்தால் இடுகிற கோழிதான் அந்தக் கிண்ணத்தண்டை நிற்கும். முட்டை ஓடு போடுவதானால் வறுத்துப் பொடித்துப் போடுங்கள், ஓடாகவே போட்டால் முட்டையைக் கொத்தக் கற்றுக்கொள்ளும்.

ஈரமும் நோயும்

கூட்டுத்தரை ஈரமாக இருந்தால் நீங்கள் என்ன போட்டாலும் வீண். கடலைத்தோலோ காய்ந்த தேங்காய் நாரோ மூன்று அங்குலம் பரப்பி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கிளறி, நனைந்த இடத்தை அள்ளிவிட்டுக் கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் வரும், குடற்புழுவும் பெருகும். கையில் எடுத்த கோழி இறகு மட்டும் இருந்து எடையே இல்லாமல் இருந்தால் புழுவாக இருக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கால்நடை மருந்தகத்தில் கேட்டு மருந்து கொடுங்கள், அந்த மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி டார்ச் அடிக்கும்போது கோழி நிற்கிற கட்டையின் அடிப்பக்கம் சிவப்பாகக் கடுகுக்கும் சின்னதாகப் பூச்சி ஊர்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பகலில் பொந்தில் ஒளிந்திருந்து ராத்திரியில் ரத்தம் குடிக்கிற பேன் அது. மழையில் நனையாத ஒரு மூலையில் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு பழைய டயருக்குள் கொட்டி வைத்தால் கோழி அதில் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

முட்டை நாலே நாளில் மொத்தமாக நின்றால், ஓடு கட்டாத தோல்முட்டையோ கோணல் முட்டையோ வந்தால், கூடவே சளி, வெள்ளையோ பச்சையோ கழிச்சல், கழுத்து திருகல் ஏதாவது இருந்தால் அது பகல் சமாச்சாரமல்ல. அந்தக் கோழியைத் தனியே பிரித்து அன்றைக்கே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்கு வந்தபின் வைத்தியமில்லை, தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடைத்துறை வருஷந்தோறும் இதற்கு முகாம் நடத்துகிறது, பெரும்பாலும் பிப்ரவரியில். அதற்காகக் காத்திருக்காமல் மழைக்கு முன்பே, ஆவணியில், உள்ளூர் மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே நோய் வந்துவிட்ட கூட்டத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேட்கலாம், செத்த கோழியை எடுத்துப் போனால் அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்வார்கள்.

சரி, இப்போது பல்பு

இவ்வளவும் பார்த்தாயிற்று, கோழி ஆரோக்கியமாக இருக்கிறது, இறகு கொட்டவில்லை, அடைக்கும் உட்காரவில்லை, இருந்தும் இடவில்லை என்றால் வெளிச்சம் கூட்டிப் பார்க்கலாம். வனராஜா, கிராமப்பிரியா, நாமக்கல் கோழி மாதிரி நாட்டுக்கோழியைவிட அதிக முட்டை இடும்படி உருவாக்கின கோழிகளுக்கு இது நன்றாகப் பலன் தரும். சிறுவிடை, பெருவிடைக்கு நான் போடுவதில்லை, அவற்றுக்குப் பெரிய பலனும் இல்லை.

7 வாட் அல்லது 9 வாட் எல்.இ.டி. பல்பு, மஞ்சள் வெளிச்சம் தருவதாகப் பார்த்து ஒன்று. ஏழடி உயரத்தில், கோழி நிற்கிற கட்டைமேலும் தீனித்தட்டின்மேலும் வெளிச்சம் விழுகிற மாதிரி. கோழி நிற்கிற உயரத்தில் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் படிக்க முடிய வேண்டும், அவ்வளவு போதும். கூடவே ஒரு டைமர் வாங்கிக்கொள்ளுங்கள், கையால் போட்டு அணைப்பது நாலு நாளைக்குத்தான் நடக்கும், வெளிச்சம் ஒரு நாள் வந்து ஒரு நாள் வராவிட்டால் இல்லாததைவிடக் கெடுதல்.

கூடுதல் வெளிச்சத்தை விடியற்காலையில் கொடுங்கள். சாயங்காலம் கொடுத்து எட்டு மணிக்குப் பட்டென்று அணைத்தால் கோழி இருட்டில் கட்டைக்கு ஏற முடியாமல் தரையிலேயே நின்று தவிக்கும். காலையில் போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை, சாயங்காலம் சூரியனோடு சேர்ந்து அடங்கிவிடும். முதல் வாரம் ஆறு மணிக்கு எரியட்டும், அடுத்த வாரம் ஐந்தரை, அதற்கடுத்த வாரம் ஐந்து, இப்படி வாரம் அரை மணியாக முன்னுக்குக் கொண்டுபோய் நாலு மணியில் நிறுத்துங்கள். சாயங்காலம் ஆறு வரை கணக்கிட்டால் 14 மணி நேரம் ஆகிவிடும், வீட்டுக்கு அது போதும். ராத்திரி முழுக்க எரியவிடாதீர்கள், கோழிக்கும் தூக்கம் வேண்டும், தூக்கமில்லாத கோழி ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். நாலு மணிக்கு விழிக்கிற கோழிக்குத் தீனியும் தண்ணீரும் முந்தின நாள் ராத்திரியே உள்ளே இருக்க வேண்டும்.

ஐந்து மாதம் ஆகாத விடலைகளுக்கு இந்த வெளிச்சம் கூடாது. உடம்பு முற்றும் முன்பே முட்டைக்கு வந்து, முட்டைக்குழல் வெளியே தள்ளிவிடும், காப்பாற்றுவது கஷ்டம். வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மழை ஒழுகும் தகரக் கூட்டில் ஜாயிண்ட் போட்ட வயர் தொங்கினால் கோழிக்கு மட்டுமல்ல, முட்டை எடுக்கப் போகிற பிள்ளைக்கும் ஆபத்து. எலி கடிக்காமல் குழாய்க்குள் விட்டு, எலக்ட்ரீஷியனை வைத்தே இணைப்புக் கொடுங்கள்.

வெளிச்சம் கொடுத்தால் மறுநாளே முட்டை வராது, இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒருமுறை தொடங்கினால் பங்குனி வரை நிறுத்தாதீர்கள், நடுவில் திடீரென்று நிறுத்தினால் குளிர்காலத்தின் நடுவே இறகு கொட்டத் தொடங்கிவிடும். பங்குனியில் பகல் நீண்டபிறகு, வாரம் அரை மணியாகக் குறைத்து எடுத்துவிடுங்கள்.

பல்பே போடாதவர்களுக்கும் தை பாதியில் மாற்றம் தெரியும். வெளிறிக் கிடந்த கொண்டை முதலில் ஓரத்தில் சிவக்கும், கோழி பெட்டிக்குள் போய் வைக்கோலைக் கொத்தி முதுகுமேல் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு வரும், கிட்டப் போனால் சிறகைத் தாழ்த்திக் குனிந்து கொடுக்கும். அதிலிருந்து பத்து நாளைக்குள் முட்டை எதிர்பார்க்கலாம். பெட்டி வைக்கோலை அப்போதே மாற்றிவிட்டு, கிளிஞ்சல் கிண்ணத்தை நிரப்பி வையுங்கள். ஓய்வுக்குப்பின் வருகிற முதல் நாலைந்து முட்டையில் ஓடு மெல்லிசாக இருக்கலாம், அவற்றை அடைக்கு வைக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் வருகிறதைச் சேர்த்தால் மாசி அடைக்குச் சரியாக இருக்கும்.